இரண்டாவது குண்டுக்கு உத்தரவு போட்டது யார்?

எங்கள் குடும்பத்தில் அணுகுண்டுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் சின்னத் தாத்தா. மலாயாவில் பேராக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவரை 1943-இல் ஜப்பான்காரன் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்கு அள்ளிக்கொண்டு போனான். அந்தப் பாதையில் மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. கூடவே செத்த பல்லாயிரம் தோட்டத் தமிழர்களுக்குப் பெயர் எழுதிய கல்கூடக் கிடையாது. 1943 அக்டோபரில் பாதை முடிந்த பிறகும் பராமரிப்பு வேலை என்று சொல்லிப் பலரை முகாமிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். தாத்தா அதில் ஒருவர். போர் முடிந்ததால் திரும்பி வந்தார். வீட்டில் யாராவது "அணுகுண்டு போட்டது மகா பாவம்" என்று ஆரம்பித்தால் போதும், "அது விழலைன்னா நான் ஏதுடா? யாருகிட்ட உக்காந்து கதை கேட்டிருப்ப?" என்பார். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இதற்குப் பதில் சொல்வது லேசில்லை. ஹிரோஷிமாவைப் பற்றி நாம் படிக்கிற வாதங்களெல்லாம் அமெரிக்கச் சிப்பாய்களின் உயிரையும் ஜப்பானியக் குடிமக்களின் உயிரையும் தராசில் வைத்துப் பேசுகின்றன. சீனாவில், வியட்நாமில், ஜாவாவில், சயாம் காட்டில் ஒவ்வொரு வாரமும் செத்துக்கொண்டிருந்தவர்களை அந்தத் தராசில் யாரும் ஏற்றுவதில்லை. தாத்தா ஏற்றினார். அந்த வகையில் அவர் வாதம் பல பேராசிரியர்களின் வாதத்தைவிட முழுமையானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். முதல் குண்டு சரியா தவறா, சோவியத் படையெடுப்பு மட்டுமே போதுமாக இருந்திருக்குமா, நவம்பர் 1-க்குக் குறித்து வைத்திருந்த கியூஷூ தரையிறக்கம் நடந்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்பதையெல்லாம் இங்கே தீர்க்கப் போவதில்லை. என்னை உறங்கவிடாத கணக்கு வேறு. தாத்தாவின் வாதத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும் அதில் ஒரு குண்டுக்குத்தான் இடம் இருக்கிறது. விழுந்தவை இரண்டு. நடுவில் மூன்றே மூன்று நாள். அந்த இரண்டாவதை யார், எப்போது, எதற்காக முடிவு செய்தார்கள்?

நம் ஊரில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: "இரண்டு வகைக் குண்டு செய்து வைத்திருந்தான், இரண்டையும் சோதித்துப் பார்த்தான்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாகசாகியில் விழுந்த புளூட்டோனியக் குண்டு ஜூலை 16 அன்றே நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்துப் பார்க்கப்பட்ட வகை. சோதிக்காமல் போட்டது ஹிரோஷிமாவின் யுரேனியக் குண்டைத்தான். அது எளிய கருவி. பீரங்கிக் குழாய் போன்ற ஒன்றில் யுரேனியத் துண்டை இன்னொரு துண்டின் மேல் சுட்டு ஒன்றாக்க வேண்டும், அவ்வளவுதான். புளூட்டோனியத்தையும் அப்படியே செய்யலாம் என்றுதான் முதலில் நம்பினார்கள். 1944-இல் இயற்பியலாளர் எமிலியோ செக்ரேயின் அளவீடுகள் அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டன. அணு உலையில் பிறந்த புளூட்டோனியம் தானாகவே பிளந்துகொண்டிருக்கும் குணமுள்ளது. குழாயில் ஓடி வந்து சேர்வதற்குள் அரைகுறையாக வெடித்துக் கெட்டுப்போகும். ஆகவே சுமார் 6 கிலோ புளூட்டோனிய உருண்டையைச் சுற்றி வெடிமருந்தை அடுக்கி, எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கணத்தில் நசுக்கும் உள்வெடிப்பு முறைக்கு, குண்டை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம் மொத்தமும் திரும்பியது. இந்தத் தொழில்நுட்பக் கதையில் நமக்கு வேண்டியது ஒரு விஷயம்தான். ஓக் ரிட்ஜில் அத்தனை பாடுபட்டுப் பிரித்த யுரேனியம் அந்தக் கோடைக்கு ஒரு குண்டுக்குத்தான் தேறியது. ஹான்ஃபோர்டு உலைகளில் புளூட்டோனியம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாவது குண்டு, மூன்றாவது குண்டு, நான்காவது குண்டு எதுவானாலும் புளூட்டோனியமாகத்தான் இருந்திருக்கும். அதில் யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை.

ஒரே தாள்

உத்தரவு என்று ஒன்று இருக்கிறது. 1945 ஜூலை 25 தேதியிட்டது. அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஜார்ஜ் மார்ஷல் மாநாட்டுக்காக ஜெர்மனியின் போட்ஸ்டாமில் இருந்ததால் அவர் இடத்தில் இருந்த ஜெனரல் தாமஸ் ஹேண்டி கையெழுத்திட்டு, பசிபிக் விமானப்படைக்குத் தலைமையேற்கப் போன ஜெனரல் கார்ல் ஸ்பாட்ஸுக்குக் கொடுத்தது. வாசகத்தை எழுதியது பெரும்பாலும் அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ். சுமார் ஆகஸ்ட் 3-க்குப் பிறகு, கண்ணால் பார்த்துக் குறிவைக்க வானிலை இடம் கொடுத்தவுடன், ஹிரோஷிமா, கோகுரா, நீகாத்தா, நாகசாகி இவற்றில் ஒன்றின் மீது முதல் 'சிறப்புக் குண்டை'ப் போட வேண்டும். அடுத்த பத்தியில் ஒரு வரி: கூடுதல் குண்டுகள் தயாராகத் தயாராக, மேற்சொன்ன இலக்குகள் மீது போடப்படும்.

நாகசாகிக்கு உத்தரவு என்று தேடினால் கிடைப்பது இந்த ஒரு வரிதான். 'கூடுதல் குண்டுகள்.' எத்தனை என்ற எண் இல்லை. முதல் குண்டுக்குப் பிறகு ஜப்பான் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் போடு என்ற நிபந்தனை இல்லை. மறுபடி என்னைக் கேள் என்று யாரும் எழுதவில்லை. நாகசாகியின் பெயரே கடைசி நேரத்தில் ஒட்டிக்கொண்டது. முந்தைய நாள் வரைவில் அது கையால் எழுதிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. குரோவ்ஸ் விரும்பியது கியோத்தோவை. போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் அந்த ஊரை நேரில் பார்த்தவர். அதன் கோயில்களையும் பழம்பெருமையையும் அழித்தால் ஜப்பானியர் எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டார்கள் என்று பிடிவாதம் பிடித்து, கடைசியில் ஜனாதிபதி ட்ரூமனிடமே போய் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வைத்துவிட்டு வந்தார். காலியான இடத்துக்கு நாகசாகி வந்தது. மலைகளுக்கு நடுவே நீளவாக்கில் கிடக்கும் ஊர் அது, குண்டின் வீச்சு முழுதாகப் பரவாது என்று இலக்குத் தேர்வு செய்தவர்களுக்கே அதன் மேல் அத்தனை திருப்தி இருந்ததில்லை.

ட்ரூமன் கையெழுத்திட்ட உத்தரவைக் காட்டு என்று கேட்பவர்களுக்குச் சிலர் ஜூலை 31 தேதியில் அவர் பென்சிலால் எழுதிய குறிப்பைக் காட்டுவார்கள்: தயாரானதும் வெளியிடலாம், ஆனால் ஆகஸ்ட் 2-க்கு முன் வேண்டாம். படிக்க உடம்பு சிலிர்க்கும். விஷயம் என்னவென்றால், அது குண்டைப் பற்றியதல்ல. குண்டு விழுந்த பிறகு பத்திரிகைகளுக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையைப் பற்றியது. குரோவ்ஸே பின்னாளில், ட்ரூமன் எடுத்த முடிவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த திட்டத்தில் தலையிடாமல் இருந்தது, அவ்வளவுதான் என்ற பொருளில் எழுதினார். மலையிலிருந்து உருண்டு வரும் பாறையை ஒருவர் தள்ளினார் என்று சொல்ல முடியாது, வழியில் நின்று தடுக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். பதவிக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத மனிதர், இருநூறு கோடி டாலர் செலவழித்த திட்டம். யார் நிற்பார்கள்?

தினியன் தீவில் ஓர் இரவு

இரண்டாவது குண்டுக்கு முதலில் குறித்த நாள் ஆகஸ்ட் 11. வானிலை அறிக்கை வந்தது: 10-ஆம் தேதியிலிருந்து தொடர்ந்து சில நாள் மேகமூட்டம். உடனே தேதியை 9-க்கு இழுத்தார்கள். இதுதான் எனக்கு ஆறாத இடம். ஒரு நகரம் சாம்பலான செய்தியை ஒரு நாடு நம்பி, விசாரித்து, கூடிப் பேசி, முடிவெடுக்க எத்தனை நாள் தரலாம் என்று யோசித்து வைத்த தேதியல்ல இது. மழை வருமுன் துணியைக் காயப்போடுகிற அவசரம். ஜப்பானின் அணு இயற்பியலாளர் நிஷினா 7-ஆம் தேதி ஹிரோஷிமாவுக்குக் கிளம்பி, விமான எஞ்சின் கோளாறால் திரும்பி, மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார். இது அணுகுண்டுதான் என்று அவர் உறுதி செய்தது 8-ஆம் தேதி. அன்றைக்கே கூட வேண்டும் என்று வெளியுறவு அமைச்சர் தோகோ கேட்ட உச்சப் போர்க்குழு, உறுப்பினர்களுக்கு ஒழியவில்லை என்று மறுநாளுக்குத் தள்ளிப்போனது. எரியும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நேரமில்லை என்ற அந்த மனிதர்கள் மேல் எனக்கு இரக்கம் எதுவும் கிடையாது. ஆனால் நாகசாகியில் வீட்டுக்கு வீடு இருந்தவர்கள் அவர்கள் அல்லவே. அமெரிக்க விமானங்கள் எச்சரிக்கைத் துண்டுப் பிரசுரம் போட்டன என்பதும் அடிக்கடி சொல்லப்படுவதுதான். ஹிரோஷிமாவைப் பற்றி விளக்கும் பிரசுரங்கள் நாகசாகிக்கு வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 10. படிக்க வேண்டியவர்கள் அதற்கு முந்தைய நாளே போய்விட்டார்கள்.

தேதி முன்னால் வந்ததும், விமானங்கள் கிளம்பிய பசிபிக் தீவான தினியனில் குண்டைப் பூட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தூக்கம் போனது. அவர்களில் பெர்னார்டு ஓ'கீஃப் என்ற இளம் கடற்படை அதிகாரி ஒருவர். அவர் பிற்பாடு எழுதிய நினைவுக் குறிப்பில் அந்த இரவு வருகிறது. நள்ளிரவுக்கு மேல் கடைசிச் சரிபார்ப்புக்குப் போகிறார். குண்டின் முன்பக்கத்து வெடிப்பு அலகையும் வால்பக்கத்து ராடார்களையும் இணைக்கும் கேபிளைப் பொருத்தப் பார்த்தால் பொருந்தவில்லை. இந்தப் பக்கமும் துளை, அந்தப் பக்கமும் துளை. கேபிளைத் தலைகீழாகப் போட்டு மூடிவிட்டிருக்கிறார்கள். முறைப்படி சரிசெய்ய வேண்டுமென்றால் வெடிமருந்து உருண்டையைப் பகுதி பகுதியாகக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். ஒரு நாள் போய்விடும், வானிலையும் போய்விடும். அந்த அறைக்குள் சூடு உண்டாக்கும் எந்தப் பொருளையும் கொண்டுவரக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஓ'கீஃப் ஒரு தொழில்நுட்ப உதவியாளரைக் கூட்டிக்கொண்டு, வெளியிலிருந்து நீள வயர் இழுத்து, சால்டரிங் இரும்பைச் சூடாக்கி, இணைப்பு முனைகளைக் கழற்றி மாற்றிப் பற்றவைத்தார். பக்கத்திலேயே டெட்டனேட்டர்கள். மேலதிகாரியை எழுப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேதி தள்ளிப்போயிருக்கும்.

ஒரு நாள் தாமதித்தால் என்ன குடிமுழுகிவிடும் என்ற கேள்வி அந்த அறைக்குள் எழவே இல்லை. ஜனாதிபதியின் அறையிலும் எழவில்லை. இரண்டு அறைகளிலும் அதே காரணம்தான்: திட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

மேகம், புகை, பெட்ரோல்

9-ஆம் தேதி விடியுமுன் குண்டைச் சுமந்துகொண்டு பாக்ஸ்கார் என்ற விமானம் கிளம்பியபோது அதன் இலக்கு கோகுரா. பெரிய ஆயுதக் கிடங்கு இருந்த ஊர். கிளம்புமுன்பே ஒரு பம்ப் வேலை செய்யவில்லை. சுமார் 600 கேலன் பெட்ரோல் தொட்டியில் இருந்தும் பயன்படுத்த முடியாத நிலை. யாகுஷிமா தீவின் மேல் சந்திக்க வேண்டிய மூன்று விமானங்களில் ஒன்று வந்து சேரவில்லை. கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்ன இடத்தில் விமானி சார்ல்ஸ் ஸ்வீனி முக்கால் மணி நேரம் வட்டமடித்தார். கோகுராவுக்கு வந்தபோது முந்தைய நாள் குண்டுவீச்சில் எரிந்த பக்கத்து ஊரான யஹாத்தாவின் புகையும் மேகமும் சேர்ந்து ஊரை மூடியிருந்தன. மூன்று முறை மேலே ஓட்டிப் பார்த்தார்கள். குறிவைப்பவர் கெர்மிட் பீஹனுக்கு இலக்கு கண்ணில் படவில்லை. அன்று அவருக்குப் பிறந்தநாள், 27 வயது.

கோகுராவின் மேல் மூன்று முறை அந்த விமானம் போனபோது கீழே தெருவில் நடந்துகொண்டிருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். காற்று கொஞ்சம் வேறு பக்கம் அடித்திருந்தால் அவர்கள் பெயர் நமக்குப் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்திருக்கும், நாகசாகி கப்பல் கட்டும் ஒரு துறைமுகம் என்பதோடு நின்றிருக்கும். அதை விதி என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. விதிக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

நாகசாகிக்கு வந்தால் அங்கேயும் மேகம். பெட்ரோல் ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் தாங்கும். ஜூலை 25 உத்தரவில் இருந்த தெளிவான நிபந்தனை ஒன்றே ஒன்று: கண்ணால் பார்த்துப் போட வேண்டும். குண்டுக்குப் பொறுப்பான ஆஷ்வொர்த் அதையும் தளர்த்தி, ராடாரை நம்பிப் போடச் சம்மதித்துவிட்டார். கடலில் தூக்கிப் போடவோ திரும்பக் கொண்டுபோகவோ யாருக்கும் துணிச்சல் இல்லை. கடைசி நொடிகளில் மேகத்தில் ஒரு திறப்பு தெரிந்தது என்றார் பீஹன். 11:02. குறித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வடக்கே தள்ளி, உராகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது. விமானம் ஒகினாவாவில் கிட்டத்தட்ட வறண்ட தொட்டியோடு இறங்கியது.

உராகாமி கத்தோலிக்கர்களின் ஊர். கிறிஸ்தவம் தடை செய்யப்பட்ட இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஒளிந்திருந்து செபம் சொன்ன குடும்பங்கள். அவர்கள் செங்கல் செங்கலாகக் கட்டிய பேராலயம் வெடிப்பு மையத்திலிருந்து 500 மீட்டரில் இருந்தது. மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளுக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்தவர்கள் குருக்களோடு சேர்ந்து அங்கேயே மாண்டார்கள். சுமார் 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் இறந்ததாகச் சொல்வார்கள். வருட முடிவுக்குள் நாகசாகியின் மொத்தச் சாவு 70,000-க்கு மேல்.

அதே காலையில் தோக்கியோவில் அந்த உச்சப் போர்க்குழுவின் ஆறு பேர் கூடியிருந்தார்கள். நள்ளிரவிலேயே சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்த செய்தி அவர்களைக் கூட்டியிருந்தது. சரணடைவதற்கு என்ன நிபந்தனை என்பதில் மூவர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். கூட்டம் நடுவே நாகசாகி செய்தி வந்தது. கூட்டம் முடிந்தபோதும் மூன்றுக்கு மூன்றுதான். ஒரு கைகூட இடம் மாறவில்லை. அமெரிக்காவிடம் இன்னொரு குண்டு இருக்காது என்று வாதிட்டவர்களின் வாயை நாகசாகி அடைத்தது என்பார்கள். அதற்கும் நாகசாகி தேவைப்படவில்லை. பிடிபட்ட அமெரிக்க விமானி ஒருவர் சித்திரவதை தாங்காமல், எதுவும் தெரியாமலே, எங்களிடம் நூறு குண்டு இருக்கிறது என்று அடித்துவிட்டிருந்தார். போர் அமைச்சர் அனாமி அதை அன்று சபையிலேயே சொன்னார். சொல்லிவிட்டுத் தொடர்ந்து போரிடத்தான் வேண்டும் என்றார். முடிச்சை அவிழ்த்தது அன்று நள்ளிரவுக்குப் பிறகு பேரரசர். அவர் மனத்தில் ஹிரோஷிமா எத்தனை பங்கு, ஸ்டாலின் எத்தனை பங்கு என்று அடித்துக்கொள்ளலாம். நாகசாகிக்கென்று தனியாக ஒரு பங்கைப் பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

ஆகஸ்ட் 10

வாஷிங்டன் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 8 காலை ஸ்டிம்சன் ட்ரூமனைச் சந்தித்து ஹிரோஷிமாவின் அழிவைக் காட்டும் படத்தை மேசையில் வைத்தார். இரண்டு வாரத்துக்கு முன் இதே ட்ரூமன் தன் நாட்குறிப்பில், இலக்கு ராணுவம்தான், பெண்களும் குழந்தைகளும் அல்ல என்று எழுதியிருந்தார். அவர் அந்தப் படத்தைப் பார்த்த நேரத்தில் பாக்ஸ்கார் தரையை விட்டுக் கிளம்பவில்லை. அது கிளம்பியது வாஷிங்டனில் அன்று மதியம். குண்டு விழுந்தது அன்று இரவு பத்து மணி சுமாருக்கு. ஒரு தந்தி போதும். அப்படி ஒரு தந்தி அனுப்பலாமா என்று யாரும் கேட்டதாகவோ, இரண்டாவது குண்டு இன்று கிளம்புகிறது என்று யாரும் அவரிடம் சொன்னதாகவோ எந்தப் பதிவும் இல்லை.

9-ஆம் தேதி வானொலியில் ஹிரோஷிமாவை 'ராணுவத் தளம்' என்றே சொன்னார். மறுநாள் ஜப்பானின் நிபந்தனையோடு கூடிய சம்மதம் வந்தது. அதே நாள் குரோவ்ஸ் மார்ஷலுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அவருக்குப் பெருமிதம்: தயாரிப்பில் நான்கு நாள் மிச்சப்படுத்திவிட்டோம், அடுத்த குண்டு ஆகஸ்ட் 17 அல்லது 18-க்குப் பிறகு நல்ல வானிலை கிடைத்ததும் போடத் தயார். மார்ஷல் அந்தத் தாளின் அடியிலேயே எழுதித் திருப்பினார்: ஜனாதிபதியின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஜப்பான் மேல் போடக் கூடாது. அன்றைய அமைச்சரவைக் கூட்டத்தைப் பற்றி வணிகச் செயலர் ஹென்றி வாலஸ் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இன்னொரு லட்சம் பேரை அழிப்பது என்ற நினைப்பே தாங்க முடியவில்லை, 'அத்தனை குழந்தைகளையும்' கொல்வது தனக்குப் பிடிக்கவில்லை என்று ட்ரூமன் சொன்னாராம்.

அணுகுண்டு விஷயத்தில் ஒரு ஜனாதிபதி தெளிவாக, தானாக, எழுத்தில் பதியும்படி எடுத்த முதல் முடிவு என்று நான் எண்ணுவது இதைத்தான்: நிறுத்து. அது நாகசாகிக்கு ஒன்றரை நாள் தாமதமாக வந்தது. படத்தைப் பார்த்த காலையிலேயே வந்திருந்தால்? தாத்தாவின் கணக்கும் கெட்டிருக்காது, போர் அதே வாரத்தில் முடிந்திருக்கும் என்பது என் துணிபு. நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் 'வேறு வழியே இல்லை' என்பவர்களாலும் அவர்கள் கட்சியை நிரூபிக்க முடியாது. அவர்கள் பக்கம் வானிலை அறிக்கை ஒன்றுதான் இருக்கிறது.

நிறுத்தம் அணுகுண்டோடு நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 13-ஆம் தேதி ஜெனரல் ஹல்லும் குரோவ்ஸின் ஆளான கர்னல் சீமனும், இனி மாதத்துக்கு மூன்று குண்டு வருமே, வந்த வேகத்தில் நகரங்கள் மேல் போடுவதா, தரையிறக்கத்துக்குச் சேர்த்து வைப்பதா என்று தொலைபேசியில் சாவகாசமாக விவாதித்தார்கள். 14-ஆம் தேதி இரவு, சரணடைவு அறிவிப்பு வருமுன், சாதாரணத் தீக்குண்டுகள் குமகாயாவையும் இசெசாகியையும் எரித்தன. அந்த ஊர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

மார்ஷல் அடியில் எழுதிய அந்த வரிக்குப் பின்னால் நடந்ததுதான் விசித்திரம். ராணுவம் தன் போக்கில் குண்டு போட்டுக்கொண்டே போகாமல் தடுக்க வந்த வரி அது. 1946-இல் அணுசக்திச் சட்டம் குண்டைத் தளபதிகள் கையிலிருந்து பிடுங்கிச் சிவில் ஆணையத்திடம் கொடுத்தது. 1948 செப்டம்பரில், பயன்படுத்தும் முடிவு ஜனாதிபதியுடையது என்று கொள்கையாகவே எழுதினார்கள். பிறகு ஏவுகணைகள் வந்தன, நிமிடக் கணக்கு வந்தது. 'அவரைக் கேட்காமல் கூடாது' என்று தொடங்கியது 'அவர் ஒருவர் சொன்னால் போதும்' என்று ஆகிப்போனது. இன்றைக்கு அமெரிக்க ஜனாதிபதி பாதுகாப்புச் செயலரையோ நாடாளுமன்றத்தையோ கேட்க வேண்டியதில்லை. தடுக்கும் இடத்தில் யாரும் இல்லை.

1973-இல் ஏவுகணை ஏவும் பணிக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த விமானப்படை மேஜர் ஹெரால்டு ஹெரிங் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார்: எனக்கு வரும் உத்தரவு புத்தி தெளிவாக உள்ள ஜனாதிபதியிடமிருந்துதான் வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? வியட்நாமில் ஹெலிகாப்டரில் போய் ஆட்களை மீட்டுக்கொண்டு வந்தவர், கோழையல்ல. அது உங்கள் பணிக்குத் தெரிய வேண்டிய விஷயமல்ல என்றது விமானப்படை. விடாமல் எழுத்தில் கேட்டார். விசாரணைக் குழு வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் அவர் லாரி ஓட்டிப் பிழைத்தார்.